ரெண்டு சிங்கம், ஒரே ரோம்

வணக்கம் மக்களே. கையில வெளிப்படுத்தின விசேஷம் 18ஆம் அதிகாரம் வச்சிருக்கேன். கத்தோலிக்க பைபிள்ல இதுக்குத் திருவெளிப்பாடுன்னு பேரு. பாபிலோன் விழுந்துருச்சுன்னு வியாபாரிங்க அழறாங்க. எதுக்கு? இனிமே சரக்கு வாங்க ஆளில்லையேன்னு. அந்தப் பட்டியலைப் பாருங்க: பொன், வெள்ளி, முத்து, பட்டு, தந்தம், சாம்பிராணி, கோதுமை, ஆடு, மாடு, குதிரை... கடைசியில அடிமைகள், மனுஷ ஆத்துமாக்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் அப்புறம் மனுஷன்! இந்த இடம் வந்தா எனக்கு அப்படியே தொண்டை அடைச்சுக்கும்.

இங்க பாபிலோன்னா ரோம். ஏழு மலைமேல உக்காந்திருக்கிற நகரம்னு இதை எழுதின யோவான் 17ஆம் அதிகாரத்துலயே சொல்லிட்டாரு. அவரும் யூதர்தான். ஏன் அந்தப் பேரு? பாபிலோன் எருசலேம் ஆலயத்தை இடிச்சுச்சு, கி.பி. 70ல ரோமும் இடிச்சுச்சு. அதோட விட்டாங்களா? ஆலயத்துக்கு யூதர்கள் வருஷா வருஷம் குடுத்த காணிக்கையை ரோம்ல இருந்த ஜூப்பிட்டர் கோயிலுக்கு வரியா கட்ட வச்சாங்க. இடிச்சவனோட சாமிக்கே வரி கட்டுற ஜனத்தோட வலிங்க அது.

யோவான் எழுதின கிட்டத்தட்ட அதே காலத்துல இன்னொரு யூதர் எழுதினதுதான் நாலாம் எஸ்றாங்கிற புத்தகம். அதுல கடல்லேர்ந்து மூணு தலைக் கழுகு எழும்புது, அது ரோம். காட்டுலேர்ந்து ஒரு சிங்கம் வந்து அதுகிட்ட நியாயம் கேக்குது. அந்தச் சிங்கம் தாவீது வம்சத்து மேசியா, யூதர்கள் காத்திருந்த ராஜா. யோவானுக்கும் யூதா கோத்திரத்துச் சிங்கம்னுதான் சொல்றாங்க. ஆனா அவர் பார்க்கிறப்போ நிக்கிறது, அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டி! ரோமை மிருகமா காட்டுறதுக்கு ரெண்டு பேருக்கும் மூலம் தானியேல் புத்தகம்தான். ரெண்டு பேரும் ரோமோட ஆட்சிக்கு முடிவு வரும்னுதான் சொல்றாங்க. யோவான் ஒரு படி மேல போறாரு: ரோம் சிலுவையில கொன்ன ஒருத்தரைச் சிங்காசனத்துல பார்க்கிறாரு. இதைவிட பெரிய அரசியல் என்னங்க இருக்கு?

அப்புறம் நடந்ததுதான் எனக்குத் தாங்கல. சிமிர்னா சபைக்கு எழுதுறப்போ, யூதர்னு சொல்லிக்கிட்டு யூதரா இல்லாதவங்களை 'சாத்தானுடைய கூட்டம்'ங்கிறாரு. கவனிங்க, யூதர்ங்கிறது அவருக்குக் கௌரவமான பேரு. அதனாலதான் அவங்களுக்கு அது பொருந்தாதுங்கிறாரு. அது ஒரே வீட்டுக்குள்ள நடந்த சண்டை. பின்னாடி ரோம் சக்கரவர்த்தியே கிறிஸ்தவர் ஆனாரு, மிருகம்னு ரோமைக் காட்ட முடியல. கடைசி காலத்துல வர்ற கிறிஸ்துவோட எதிரி, அந்த அந்திக்கிறிஸ்துவே யூதனாத்தான் பொறப்பான்னு முன்னாடியே இருந்த பேச்சு, நடுக்கால ஐரோப்பாவுல நல்லா பரவுச்சு. ஆலயத்தைப் பறிகொடுத்த ஜனத்தோட அழுகையிலேர்ந்து வந்த புத்தகத்தை எடுத்து, அதே ஜனத்தை அடிச்சாங்க.

போதகரா இருக்கிறவங்க யாராவது பார்த்துக்கிட்டிருந்தா, 18ஆம் அதிகாரம் பிரசங்கம் பண்றப்போ அந்தப் பட்டியலைப் பாதியில நிறுத்தாதீங்க. கடைசி வார்த்தை வரைக்கும் வாசிங்க.