உலை வாயும் ஊர் வாயும் (தர்மபுரி கூட்டத்துல நான் பேசினது)

தலைவர் தோழர் அவர்களே, பென்னாகரத்துல இருந்து டூ வீலர்லயே வந்து சேர்ந்த ஒன்றியச் செயலாளர் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காம குடுத்த வியாபாரிகள் சங்கத்துப் பெரியவங்களே, மைக் செட் தம்பி, இடம் இல்லாம பின்னாடி நிக்கிற தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தா மன்னிச்சுக்கங்க.

மூணு விஷயம் பேசணும்னு வந்தேன். நோவோசெர்காஸ்க், வாச்சாத்தி, நம்ம ஏரிங்க. எங்க பாட்டி சொல்லும், உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாதுன்னு. மூணுக்கும் அதுதான்.

நோவோசெர்காஸ்க் சோவியத் யூனியன்ல ரோஸ்தோவ் பக்கத்து ஊரு, ரயில் எஞ்சின் செய்யற பெரிய ஃபேக்டரி. 1962 ஜூன் 1, கறி விலை 30 சதவீதம், வெண்ணெய் 25 சதவீதம் ஏறுது, அங்க ஏற்கனவே பீஸ் ரேட்டையும், அதாவது செய்யற உருப்படிக்கு இவ்வளவுன்னு குடுக்கிற கூலியையும், குறைச்சு வச்சிருக்காங்க, எப்படிப் பொழைக்கிறதுன்னு கேட்ட தொழிலாளிகிட்ட டைரக்டர், கறி இல்லைன்னா பூரணம் வச்ச பன்னைத் தின்னுங்கன்னுட்டார். சங்கு ஊதி வேலையை நிறுத்திட்டாங்க. மறுநாள் செங்கொடி, லெனின் படத்தோட கட்சி ஆபீசுக்கு ஊர்வலம். மாஸ்கோவுல இருந்து வந்த கட்சித் தலைவருங்க மிக்கோயானும் கோஸ்லோவும் அந்த ஜனங்க முன்னாடி வந்து நிக்கலை, ராணுவ முகாமுக்குப் போயிட்டாங்க. ஷாபோஷ்னிகோவ்னு ஒரு ஜெனரல், டாங்கியை மக்கள் மேல விடமாட்டேன்னு மறுத்தார், பின்னாடி அவரையே கட்சியை விட்டு நீக்கினாங்க. சிப்பாய்ங்க கூட்டத்தைச் சுட்டதுல 26 பேர் செத்தாங்க, அப்புறம் போராடினவங்கள்ல 7 பேருக்கு மரண தண்டனை. ரத்தக் கறை போகலைன்னு சதுக்கத்துல புதுசா தார் போட்டாங்க தோழர்களே. பிணங்களை வேற வேற ஊர்ல ரகசியமா புதைச்சாங்க, 1994லதான் எடுத்து சொந்த ஊர்ல அடக்கம் பண்ணாங்க. நம்ம கொடி பறந்த இடத்துல நடந்ததுன்னு இதை நாம பேசாம இருக்கக் கூடாது. ஊர் வாயை மூட முடியாது.

வாச்சாத்தி உங்களுக்கே தெரியும், நம்ம மாவட்டத்து மலைவாழ் மக்கள் ஊரு, சந்தன மரம் தேடுறோம்னு வந்த வனத்துறையும் போலீசும் 1992ல அவங்களுக்குப் பண்ணின கொடுமைக்கு 2011லதான் தீர்ப்பு.

ஒகேனக்கல் குடிதண்ணி வர்றதுக்கு முன்னாடி நடந்தது ஒண்ணு சொல்றேன். நான் அப்ப கிளைச் செயலாளர். காலிக்குடத்தோட பெண்கள் மறியல், சமாதானம் பேச என்னை அனுப்பினாங்க. நாளைக்கு டேங்கர் வரும்மா, கொஞ்சம் பொறுங்கன்னேன். ஒரு பாட்டி எந்திரிச்சு வந்து என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போச்சு, ரெண்டு தெரு தாண்டி அது வீட்டுத் திண்ணையில உக்கார வச்சு, சொம்புல போர் தண்ணியை மோந்து குடுத்து, குடிப்பான்னுச்சு. குடிச்சேன், கரிச்சுது. பேரனைக் கூப்பிட்டு வாயைத் திறடான்னுச்சு, பத்து வயசுப் பையன், அந்தத் தண்ணியில இருக்கிற ஃப்ளோரைடால பல்லு பூரா பழுப்பு வரி, மேல் பல்லு ரெண்டுல குழி. சுவத்துல இருந்த ஸ்கூல் போட்டோவைக் கழட்டி என் மடியில வச்சுச்சு. எல்லாப் பிள்ளைங்களும் சிரிக்குதுங்க, இவன் மட்டும் கையால வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறான். டேங்கர் பேச்சை நான் எடுக்கவே இல்ல, திரும்பி வந்து ரோட்டுல அவங்களோட உக்காந்துட்டேன்.

குடிக்கக் குழாய் வந்துடுச்சு, சரி, வயலுக்கு? வெள்ளம் வர்றப்ப ஒகேனக்கல்ல நம்ம கண்ணு முன்னாடி போற உபரித் தண்ணியை மோட்டார் வச்சு ஏத்தி ஏரிங்களுக்கு விடுங்கன்னுதான் கேக்குறோம். வாசல்ல கையெழுத்து நோட்டு இருக்கு. பேர் மட்டும் போதாது, உங்க ஊர் ஏரி பேரு, அது கடைசியா நிரம்பின வருஷம் ரெண்டையும் எழுதுங்க. திங்கக்கிழமை குறைதீர்ப்பு நாளுக்கு அதைத்தான் கொண்டு போறோம், ஒன்பது மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடுங்க.