மூட்டுக்கு ஓய்வு, தசைக்கு வேலை

அனைவருக்கும் வணக்கம். முழங்கால் வலிக்கிறது, டாக்டர் நீந்தச் சொன்னார், ஆனால் ஏன் என்று சொல்லவில்லை என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு. இன்று அந்த ‘ஏன்’ பற்றித்தான் பேசப்போகிறேன்.

சமதரையில் சும்மா நடக்கும்போதே, ஒவ்வோர் அடிக்கும் முழங்கால் மூட்டில் நம் எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு பாரம் விழுகிறது. படி இறங்கும்போது அது இன்னும் கூடும். நல்ல மூட்டு இதைச் சட்டை செய்யாது. தேய்ந்த மூட்டுக்கோ ஒவ்வோர் அடியும் வலி. வலிக்குப் பயந்து நடையைக் குறைக்கிறோம். தொடைத் தசை இளைத்துப்போகிறது. மூட்டைத் தாங்கிப் பிடிப்பதே அந்தத் தசைதான். அது இளைத்தால் வலி ஏறாமல் என்ன செய்யும்? இந்தச் சுழலிலிருந்து வெளியே வர எனக்குத் தெரிந்த நல்ல வழி தண்ணீர்.

இடுப்பளவு தண்ணீரில் நின்றால் காலுக்கு வரும் எடை ஏறக்குறைய பாதியாகிறது. மார்பளவில் மூன்றில் ஒரு பங்கு, கழுத்தளவில் பத்தில் ஒரு பங்குதான். மூட்டுவலிக்காரர் ஒருவர் நீச்சல் குளத்தில் இறங்குவதைக் கவனித்துப் பாருங்கள். கைப்பிடியை இறுகப் பிடித்தபடி, ஒரு காலை வைத்து, மறுகாலையும் அதே படியில் சேர்த்து, அப்புறம்தான் அடுத்த படிக்குப் போவார். தண்ணீர் மார்புக்கு வந்ததும் கைப்பிடியைத் தானாகவே விட்டுவிடுவார்.

சரி, வலிக்கிற மூட்டை அசைக்காமலே வைத்திருந்தால் என்ன? அதுதான் கூடாது. எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்குச் சத்து போகவேண்டும். மூட்டு அசையும்போது குருத்தெலும்பு அழுந்தி விடுபட்டு, பஞ்சைப் போல அந்தத் திரவத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அசைவும் வேண்டும், அடியும் விழக்கூடாது. நீச்சலில் இரண்டும் ஒன்றாகக் கிடைக்கின்றன.

இனி தசைக்கு வருவோம். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. காலை முன்னே உதைத்தாலும் பின்னே இழுத்தாலும் அது எதிர்த்து நிற்கும். அதனால் தொடையின் முன்பக்கத் தசையும் பின்பக்கத் தசையும் மாறி மாறி உழைக்கின்றன. குப்புற மிதந்தபடி கைகளை மாறி மாறி வீசி நீந்தும் ஃப்ரீஸ்டைலில் கையை நீட்டித் தண்ணீரைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளுகிறோம் அல்லவா, அந்த இழுப்பில் பெரும்பங்கு முதுகின் பக்கவாட்டில் விரிந்திருக்கும் அகலமான தசைக்கு. உடல் கோணாமல் நேராக மிதக்க வயிற்றுத் தசைகள் ஓயாமல் வேலை செய்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் தண்ணீரின் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். மெதுவாக அசைந்தால் அதுவும் இளகிவிடும். பளுவைக் கூட்டுவதும் குறைப்பதும் முழுக்க உங்கள் கையில். அறுவை சிகிச்சைக்குப் பிறகு மெல்ல மெல்லத் தேறி வருகிறவருக்கு இது எவ்வளவு பெரிய வசதி!

ஆனால் எந்த நீச்சலும் எல்லோருக்கும் ஒத்துவராது. தவளைபோல் நீந்தும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் காலை வெளிப்பக்கமாக விரித்து வீசி உதைப்பதால் முழங்காலின் உள்பக்கத் தசைநார் இழுபடும். முழங்கால் வலி உள்ளவர்கள் அதைத் தவிர்த்துவிட்டு, மல்லாந்து நீந்துவதோ ஃப்ரீஸ்டைலோ பழகலாம். தோளில் வலி இருந்தால் ஃப்ரீஸ்டைலிலும் கவனம் வேண்டும். உடலைப் பக்கவாட்டில் உருட்டாமல் கையை மட்டும் சுழற்றினால் மொத்த பாரமும் தோள்மூட்டுக்குப் போய்விடும். தலையைத் தூக்கிக்கொண்டே நீந்துகிறவர்களுக்குக் கழுத்தும் கீழ்முதுகும் பிடித்துக்கொள்ளும். முகத்தை நீருக்குள் விடப் பழகியே ஆகவேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எலும்பு உறுதிப்பட அதன்மேல் பாரம் விழவேண்டும். தண்ணீரில் அந்தப் பாரம் இல்லை. எனவே நீந்துகிறவர்களும் தரையில் நடப்பதையோ அளவான பளுப் பயிற்சியையோ விட்டுவிடாதீர்கள்.

நீந்தவே தெரியாதே என்பவர்கள் தயங்க வேண்டாம். பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, மார்பளவு தண்ணீரில் முன்னோக்கியும் பின்னோக்கியும் நடங்கள். தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தால் விறைத்த மூட்டு சீக்கிரம் இளகும். ஆறாத புண்ணோ, இதய நோயோ, வலிப்போ இருந்தால் மட்டும், டாக்டரைக் கேட்ட பிறகு இறங்குங்கள்.