ஆற்றில் விழுந்த இசைக்கவை

(சுவாமி விபுலாநந்தர் நினைவு விழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, முதன்மை விருந்தினராக வந்திருக்கும் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் அவர்களே, ஆலய வண்ணக்கர் அவர்களே, பக்கத்து ஊரிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மௌலவி அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, தாய்மாரே, தம்பி தங்கையரே, அனைவருக்கும் வணக்கம். மண்டூர்ப் பக்கமிருந்து குருமண்வெளிப் பாதையில், அதாவது மிதவைப் படகில், ஏறி ஆற்றைக் கடந்து வந்திருக்கும் படுவான்கரை உறவுகளுக்குத் தனியாக ஒரு வணக்கம். ஒலிபெருக்கியை இரவல் தந்த தம்பிக்கு நன்றி. சென்ற ஆண்டைப் போல நடுவில் அழாது என்று அவர் உறுதி சொல்லியிருக்கிறார்.

எனக்குப் பொன்னாடை போர்த்திய தலைவர் அவர்கள் என்னைத் தத்துவஞானி என்றார். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். புகழையும் கொஞ்சம் அளந்து போட்டிருக்கலாம். நான் 31 ஆண்டுகள் பௌதிகவியல் படிப்பித்த வாத்தியார். தத்துவம் எனக்கு யாரும் படிப்பித்ததில்லை. தட்டித்தடவி நானே படித்தேன். பல இடங்களில் பிழையாகவும் படித்தேன்.

இன்று மூன்று செய்திகளைச் சொல்ல எண்ணியிருக்கிறேன். சுவாமிகளின் அறிவியற் கல்வி ஒன்று. நான் விஞ்ஞானத்திலிருந்து மெய்யியல் பக்கம் திரும்பிய கதை இரண்டாவது. கீழைத்தேய மெய்யியலையும் மேலைத்தேய மெய்யியலையும் ஒப்பிட்டுப் பார்ப்பது மூன்றாவது.

காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம் என்ற பிள்ளையை, பின்னாளில் சுவாமி விபுலாநந்தரானவரை, காவி உடுத்த கோலத்தில்தான் நாம் எல்லோரும் படமாக மாட்டி வைத்திருக்கிறோம். அவர் இரசாயனக் குடுவை பிடித்த கை என்பதை மறந்துவிட்டோம். 1916இல் விஞ்ஞானத்தில் டிப்ளோமா பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் தேறினார். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே தாமாகப் படித்து 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் எடுத்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடம். 1924 சித்திரா பூரணையில் துறவு. நமது பழைய கல்லடிப் பாலம் திறக்கப்பட்டதும் 1924இல்தான். இதில் பொருள் ஒன்றும் தேட வேண்டாம். ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

துறவு பூண்டவர் அளவுகோலைத் துறந்தாரா? பழந்தமிழ் யாழைப் பற்றி அவர் எழுதிய யாழ் நூலைத் திறந்து பாருங்கள். பக்கம் பக்கமாகக் கணக்கு. நரம்பின் நீளத்தை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்தால் குரலுக்கு இளி, அதாவது ஸட்ஜத்துக்குப் பஞ்சமம், பிறக்கும் என்கிற விகிதக் கணக்கைப் பிடித்துக்கொண்டு, சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதைக்குள் இறங்கிய மனிதர் அவர். 1947 ஜூனில் அந்த நூல் அரங்கேறியது. ஜூலை 19இல் அவர் போய்விட்டார்.

இனி என் கதை. தலைவர் அவர்கள் மணியைத் தொடுகிறார். கதை கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1969ஆம் ஆண்டு. மனிதன் சந்திரனில் கால் வைத்து ஒரு வாரத்தில் வந்த ஆடிப் பூரணை. எனக்கு 17 வயது, உயர்தர வகுப்பில் விஞ்ஞானம். அளக்க முடியாதது எதுவும் உலகத்தில் இல்லை என்று தெருத்தெருவாகச் சொல்லித் திரிந்த காலம். பூரணை இரவில் நமது ஆற்றுக்குள்ளிருந்து இசை போலக் கேட்கும் பாடும் மீனையும் அளந்துவிடுவது என்று முடிவு கட்டினேன். 1848இல் மட்டக்களப்புக்கு வந்த எமர்சன் டெனன்ட் என்ற வெள்ளைக்காரத் துரை இரவில் தோணியேறிப் போய், நனைந்த விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்ப்பது போன்ற ஒலியைக் கேட்டதாக எழுதி வைத்திருக்கிறார். அது மீன் இல்லை, ஊரி என்ற நத்தைதான் என்று நம் மீனவர்கள் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். துரை கேட்டார், அளக்கவில்லை. அந்தக் குறையை நான் தீர்க்கப் போகிறேன்!

பாடசாலை ஆய்வுகூடத்திலிருந்து 256 என்று பொறித்த இசைக்கவை ஒன்றை, தட்டினால் செக்கனுக்கு அத்தனை முறை அதிரும் உலோகக் கவையை, களிசான் பையில் போட்டுக்கொண்டேன். கேட்டு எடுத்தேனா என்று அதிபர் அவர்கள் என்னை இப்படிப் பார்க்கக் கூடாது. அம்மான் தோணி வலித்தார். கல்லடிப் பாலத்துக்கு அப்பால் போய்ச் சவளை, அதாவது துடுப்பை, நீருக்குள் இறக்கி, மறுமுனையைக் காதில் வைக்கச் சொன்னார். வைத்தேன். முதலில் என் இரத்தம் ஓடும் சத்தம்தான் கேட்டது. பிறகு ஆழத்திலிருந்து மெல்லிய தந்தி ஒன்று, அதற்குப் பதில் சொல்வது போல இன்னொன்று, பிறகு பல. உடம்பு சிலிர்த்துவிட்டது. உடனே விஞ்ஞானி விழித்துக்கொண்டான். ஒரு காதில் சவள், மறு காதுக்கு இசைக்கவை. அதைத் தோணி விளிம்பில் ஓங்கித் தட்டினேன். முழங்காலில் தட்ட வேண்டியதை மரத்தில் தட்டினால் என்ன ஆகும்? கை வழுக்கியது. "புளுக்" என்று ஒரு சத்தம். 256 ஆற்றோடு போய்விட்டது.

அம்மான் சிரித்த சிரிப்பில் தோணி ஆடியது. "மருமகனே, ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நீ அளக்கிற சாமானையே போட்டுவிட்டாயே!" என்றார். சிரித்து ஓய்ந்ததும் சுருட்டைப் பற்ற வைத்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

வேறு வேலை இல்லாததால் நான் திரும்பவும் சவளில் காதை வைத்தேன். நெடுநேரம் கேட்டேன். இசைக்கவை கையில் இருந்திருந்தால் ஒரு செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்று கண்டிருப்பேன். ஆனால் இந்த இனிமை எங்கே இருக்கிறது? நீரிலா, மரத்திலா, என் செவிப்பறையிலா? அதிர்வு எப்போது இன்பமாகிறது? என் பௌதிகப் புத்தகத்தில் அந்தக் கேள்விக்கு ஓர் அத்தியாயம் இருக்கவில்லை.

மறுநாள் ஆசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் அடிக்கவில்லை. "அடுத்த முறை நூல் கட்டிக்கொண்டு போ" என்றார். இசைக்கவையின் விலையை மாதம் மாதமாகக் கட்டித் தீர்த்தேன்.

அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு நான் போன இடம் சனசமூக நிலையத்து வாசிகசாலை. பெற்றோல்மாக்ஸ் வெளிச்சம், இரண்டு வாங்கு, ஓர் அலுமாரி. அதில் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் ஒன்று அட்டை கிழிந்து கிடந்தது. பக்தி நூல் என்று நினைத்துத் திறந்தால் அது எதில் தொடங்குகிறது தெரியுமா? அளவையில்! ஒரு பொருள் உண்டு என்று எதை வைத்துச் சொல்கிறாய் என்ற விசாரணை முதலில். பிறர் சொன்ன அளவைகளையெல்லாம் வரிசையாக வைத்து, நேரில் காண்டல், ஊகித்துக் கருதல், நம்பத்தக்கோர் உரை என்ற மூன்றுக்குள் அடக்கிவிடுகிறார் அருணந்தி சிவாசாரியார். கடவுள் அதற்குப் பிறகுதான் வருகிறார். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று அம்மான் சொன்னதை அவரும் சொல்கிறார் என்று எனக்குப் பட்டது.

குரு இல்லாமல் படித்ததற்குரிய கூலியும் கிடைத்தது. மாயை என்றால் பொய்த்தோற்றம் என்று இரண்டு ஆண்டுகள் எல்லோரிடமும் வாதாடினேன். சித்தாந்தத்தில் அது உள்பொருள். குடத்துக்கு மண் எப்படியோ அப்படி உலகத்துக்கு முதற்காரணம். இன்னொரு உரைநூல் அதே அலுமாரிக்கு வந்த பிறகுதான் என் வாய் அடங்கியது. இதற்கிடையில் உயர்தரப் பரீட்சையில் தூய கணிதம் போனது, என்னைப் பொறியியலாளராகப் பார்க்க நினைத்த அம்மாவின் ஆசையும் போனது. அது வேறு கதை.

நான் சொல்ல வந்த இடம் இதுதான். அந்த வாசிகசாலை இரவு 9 மணி வரை திறந்திருந்தது! இன்று நமக்கு மாடி வைத்த நூலகம் இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, கதவு மாலை 4.30க்கு மூடுகிறது. பிள்ளைகள் தனியார் வகுப்பு முடிந்து வருவது ஆறு மணிக்கு. பதினேழு வயதில் ஒருவனுக்குக் கேள்வி பிறந்தால் அவன் அதை எங்கே கொண்டுபோவான்? பொறுப்பானவர்களுக்கு ஏழு கடிதம் எழுதிவிட்டேன். "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" என்று இரண்டுக்குப் பதில் வந்தது. ஆளணி இல்லை, மின்கட்டணம் கூடும் என்று வாய்மொழியாகச் சொல்கிறார்கள். சரி, ஆற்றிலே போட்டாலும் அளந்து போடுவோம். எத்தனை விளக்கு, எத்தனை மணி நேரம், எத்தனை அலகு என்று கணக்குப் போட்டு ஏழாவது கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் முறை வைத்து இருப்பதற்கும் ஆயத்தம். முதன்மை விருந்தினர் அவர்கள் தலையசைக்கிறார். சபையோர் அதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

மணி இரண்டாவது முறையும் அடித்துவிட்டது. மூன்றாவது செய்திக்கு நேரமில்லை. மண்டூர்க்காரர்களுக்குக் கடைசிப் பாதையும் போய்விடும். தேநீர் மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். நூலகத்தை இரவு 8 மணி வரை திறக்கக் கோரும் விண்ணப்பம் அதில் இருக்கிறது. பெயரை எழுதிக் கையொப்பம் வைத்துவிட்டுப் போங்கள். பேனாவுக்கு நூல் கட்டியிருக்கிறேன்.