ஒரு நாள் உபயம் போதும் மாப்ள

வணக்கம் மக்களே, பசியாறிட்டீங்களா? நான் இப்ப நம்ம கெடா மாநிலத்து பீடோங் பக்கம், பழைய தோட்டத்துத் திடல்ல நிக்கிறேன். பின்னால தெரியுதே செம்பனை, அது முன்ன பால் மரக் காடு. லயத்து வீடுங்களை இடிச்சாச்சு. மிச்சம் இருக்கிறது கோயிலும் இந்தத் திடலும்தான். இந்தக் கோல் கம்பத்தைக் கொஞ்சம் பாருங்க. தண்ணிக் குழாய்ங்க இது. பசங்க தொங்கித் தொங்கி மேல் கம்பி நடுவுல வளைஞ்சு போச்சு. அதனால நடுவுல அடிச்சா வெளிய, ஓரத்துல அடிச்சா உள்ள. இது எங்க ஊர் சட்டம்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். நேத்து ராத்திரி மாமாக் கடையில ஒரு சண்டை. நம்ம மாப்ள ஒருத்தன் சிங்கப்பூர்ல வேலை செய்றான், லீவுக்கு வந்திருக்கான். தே தாரிக் வர்றதுக்குள்ள ஆரம்பிச்சுட்டான். "பாரு, உங்க மலேசியாவோட சேர்ந்து நாங்க காற்பந்து உலகக் கிண்ணம் நடத்துவோம்"னு. 'நாங்க'வாம்! வேலை பெர்மிட்டுல இருக்கான், பேச்சைப் பாருங்க.

நான் சிரிச்சுட்டேன். ஆனா வீட்டுக்கு வந்து படுத்தா தூக்கம் வரல. அவன் சொன்னது முழுப் பைத்தியக்காரத்தனமும் இல்ல. 1984-ல ஆசியக் கிண்ணம் முழுசா சிங்கப்பூர்லதானே நடந்துச்சு? தனி ஆளா நடத்துனாங்க. அப்ப 10 அணிதான். இன்னைக்கு ஆசியக் கிண்ணத்துக்கே 24 அணி. உலகக் கிண்ணம் 2026-ல இருந்து 48 அணி, 104 ஆட்டம். பந்தி நீண்டுக்கிட்டே போகுது, சிங்கப்பூர் வீடு மட்டும் அதே அளவுல இருக்கு. மண்ணைக் கொட்டிக் கடலைத் தூர்த்தாலும் எவ்வளவுதான் தூர்க்க முடியும்?

சிங்கப்பூர் காலாங்ல இருக்கிற ஸ்டேடியம் 55,000 பேர் உட்கார்றது, 2014-ல திறந்தது, மேல கூரை மூடும். அருமையான இடம், நான் ஒரு தடவை வெளிய நின்னு பார்த்திருக்கேன். டிக்கெட் விலை அப்படி. உலகக் காற்பந்துச் சங்கம் பீஃபாவோட கணக்கு என்னன்னா, முதல் சுற்று ஆட்டத்துக்கு 40,000 இருக்கை, அரையிறுதிக்கு 60,000, இறுதிக்கு 80,000. அப்ப காலாங்ல காலிறுதி வரைக்கும் வைக்கலாம். ஆனா அதுக்கு அடுத்த ஸ்டேடியம் எங்க? ஜாலான் பெசார்னு சொல்லுவான், அது சின்ன அரங்கம். மாப்ள அதுக்குப் பதில் சொல்லல, ரொட்டி சானாய் ஆறிடுச்சுன்னு கடைக்காரரைக் கூப்பிட்டான்.

இப்ப நம்ம கோயில் திருவிழாவை எடுத்துக்குங்க. பத்து நாள் திருவிழா. முழுசையும் ஒரு குடும்பம் எடுத்துச் செய்யுமா? ஒரு நாள் லோரிக்காரங்க உபயம், ஒரு நாள் மேல் லயத்து உபயம். தேர் அன்னைக்கு மட்டும் வசதியான வீடு. சின்ன வீட்டுக்காரன் ஒரு நாள் எடுப்பான், அன்னைக்கு அவன்தான் ராஜா. பரிவட்டம் அவனுக்குத்தான், முதல் பிரசாதமும் அவனுக்குத்தான். யாரும் 'நீ ஒரு நாள்தானே'ன்னு கேக்கிறதில்ல.

உருகுவேயைப் பாருங்க. நம்ம கெடாவையும் பினாங்கையும் சேர்த்தா அந்த நாட்டு ஜனத்தொகையைத் தாண்டிரும், அவ்வளவு சின்ன நாடு. 1930-ல முதல் உலகக் கிண்ணத்தையே அவங்கதான் நடத்துனாங்க. எல்லா ஆட்டமும் ஒரே ஊர்ல, மொந்தெவீதியோவுல. இதுல ஒரு வேடிக்கை, போட்டி ஜூலை 13-ந்தேதி ஆரம்பிச்சிருச்சு, பெரிய ஸ்டேடியம் சென்டெனாரியோ திறந்தது 18-ந்தேதி! நம்ம ஆளுங்க பந்தல் போடுற மாதிரிதான், சாமி புறப்பட்ட பிறகு கடைசிக் கம்பு. ஆனா கிண்ணமும் அவங்களுக்குத்தான். இப்ப 2030-ல நூறாவது வருஷம். ஸ்பெயின், போர்த்துகல், மொரோக்கோ நடத்துது. அதுல உருகுவே, அர்ஜென்டினா, பராகுவே மூணுக்கும் ஆளுக்கு ஒரு ஆட்டம். உருகுவேக்குக் கிடைச்சது அதே சென்டெனாரியோவுல. ஒரு நாள் உபயம். அவ்வளவுதான்!

எனக்கு இது அவமானமா தெரியல. உண்மையான அவமானம் வேற.

வட அயர்லாந்துல நடந்ததைக் கேளுங்க. நம்ம கெடாவை விட ஆள் கொஞ்சம் கம்மி, 19 லட்சம் பக்கம். 2028 யூரோ கிண்ணத்தை இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்தோட சேர்ந்து இவங்களும் நடத்தறதா 2023 அக்டோபர்ல முடிவாச்சு. பெல்ஃபாஸ்ட்ல கேஸ்மென்ட் பார்க்னு ஒரு இடம், 2013-லயே மூடினது, புல்லும் புதரும். அதைப் புதுசா 34,500 பேருக்குக் கட்டணும். செலவுக் கணக்கு ஏறி ஏறி 40 கோடி பவுனைத் தாண்டிரும்னு ஆச்சு. நேரத்துக்குக் கட்டி முடியாதுன்னு 2024 செப்டம்பர்ல பிரிட்டன் அரசாங்கம் கையை விரிச்சிருச்சு. அவங்க சொந்த விண்ட்சர் பார்க்ல 18,000 சொச்சம்தான் இருக்கை, அது பத்தாது. அவ்வளவுதான், பட்டியல்ல இருந்து பேர் போச்சு. திருவிழா நடக்கும், பெரியவங்க நடத்துவாங்க. இவங்க டிவியில பார்ப்பாங்க.

இதைப் படிக்கும்போது எனக்கு வயிறு எரிஞ்சது. ஏன்னா எங்களுக்கும் இது நடந்திருக்கு. மூணு வருஷத்துக்கு முன்ன பக்கத்துத் தோட்டத்தோட சேர்ந்து எழுவர் காற்பந்து வச்சோம். பாதி ஆட்டம் இங்க, பாதி அங்கன்னு பேச்சு. நாங்க பேனர் அடிச்சோம், கிண்ணம் வாங்கினோம், சுண்ணாம்பு கரைச்சுக் கோடு போட்டோம். அந்த ஓரத்துக் கால்வாயை மட்டும் யாரும் வெட்டல. 'நீ வெட்டுவேன்னு நினைச்சேன்', 'அவன் வெட்டுவான்னு நினைச்சேன்'. முதல் நாள் ராத்திரி மழை. விடியக்காலம் வந்து பார்த்தா நடு வட்டத்துல வாத்து நீந்துது, சத்தியமா! எல்லா ஆட்டமும் அவங்க திடலுக்குப் போயிருச்சு. எங்க பங்கு என்ன தெரியுமா? சிராப் தண்ணிக் கடை. அதுவும் அவங்க திடல்ல, வெயில்ல.

வாத்து யாரோடதுன்னு கேக்காதீங்க.

மாப்ளகிட்ட நான் சொன்னது இதுதான். உலகக் கிண்ணத்தை விடுடா. 2034-க்கு நம்ம ஆசியான், அதான் தென்கிழக்காசிய நாடுங்க சேர்ந்து கேக்கப் போறோம்னு 2019-லயே தலைவர்கள் எல்லாம் கூடிப் பேசினாங்க. 2023 அக்டோபர் ஆரம்பத்துல பீஃபா, வேணும்கிறவங்க மாசக் கடைசிக்குள்ள பேர் கொடுங்கன்னுச்சு. 14 ஸ்டேடியம் காட்டணும். சவூதி அன்னைக்கே கையைத் தூக்கிருச்சு. இந்தோனேசியா, ஆஸ்திரேலியாவோடயும் நம்மளோடயும் சேரலாமான்னு பேசிட்டு, ரெண்டு வாரத்துல சவூதி பக்கம் போயிருச்சு. நாலு வருஷம் பேசினது நாலு வாரத்துல முடிஞ்சுது. கூட்டாளிங்க நிறைய இருந்தா இதுதான், எல்லாரும் அடுத்தவன் கால்வாய் வெட்டுவான்னு நிப்பாங்க.

ஆசியக் கிண்ணத்தைக் கேட்டா நடக்கும்னு எனக்குத் தோணுது. 2007-ல நாலு நாடு சேர்ந்து நடத்துனோம் இல்ல? மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து, வியட்நாம். நம்ம ஆட்டத்தைப் பத்திப் பேச வேணாம். சரி, ஒரு தடவை சொல்லிடுறேன்: சீனாகிட்ட 1–5, உஸ்பெகிஸ்தான்கிட்ட 0–5, ஈரான்கிட்ட 0–2. அந்த ஒரு கோல் இந்திரா புத்ரா போட்டது, அதை நாங்க இன்னும் கொண்டாடுறோம். ஆனா கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் ஸ்டேடியத்துல ஈராக்கும் தென் கொரியாவும் ஆடின அரையிறுதி மறக்க முடியுமா? கோலே இல்ல, பெனால்டியில ஈராக் ஜெயிச்சுது. அங்க சொந்த நாட்டுல குண்டு வெடிச்சுக்கிட்டு இருந்த காலம். கடைசியில கிண்ணமே அவங்க தூக்கினாங்க. அந்த ராத்திரி நம்ம மண்ணுல நடந்துச்சு. நடத்தினவனுக்கு மிச்சம் அதுதான்.

அடுத்த தடவை நாலு நாடு வேணாம். மலேசியா, சிங்கப்பூர் ரெண்டே போதும். காலாங்ல 55,000. பாலத்தைத் தாண்டினா ஜோகூர்ல சுல்தான் இப்ராஹிம் ஸ்டேடியம் 40,000. இறுதிக்கு புக்கிட் ஜாலில் இருக்கவே இருக்கு. ஜோகூர்பாரு–உட்லண்ட்ஸ் ரயில் வேற போட்டுக்கிட்டு இருக்காங்க, 4 கிலோமீட்டர், மணிக்கு 10,000 பேர் ஒரு பக்கத்துக்குப் போகலாம். பாலத்துல மூணு மணி நேரம் மோட்டர்சைக்கிள்ல நின்ன எவனையாவது கேளுங்க அதோட அருமையை. மாப்ள அங்க மட்டும்தான் தலையாட்டினான். பில்லை மட்டும் கட்டல. சிங்கப்பூர் காசுங்கிறான்!

அப்புறம் ஒரு தகவல். அடுத்த மாசம் பக்கத்துத் தோட்டத்தோட மறுபடியும் எழுவர் போட்டி. இந்தத் தடவை பாதி ஆட்டம் கேக்கல, ரெண்டே ஆட்டம் கேட்டிருக்கோம், கொடுத்துட்டாங்க. இந்த ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்குக் கால்வாய் வெட்டுறோம். வர்றவங்க மண்வெட்டி எடுத்துக்கிட்டு வாங்க, இங்க ரெண்டுதான் இருக்கு, அதுல ஒண்ணு பிடி ஆடுது. பசியாற நாசி லெமாக் நான் வாங்கித் தர்றேன்.