காவல் நிலைய வாசலில்

அவைத்தலைவர் ஐயா அவர்களே, வாடகை வாங்காமல் கூடத்தைத் திறந்துவிட்ட நூலகர் அம்மா அவர்களே, பேரன் காதுகுத்தைப் பாதியில் விட்டு வந்திருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஏட்டையா அவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

அத்துமீறும் போலீசுக்குப் பணிவதா, எதிர்ப்பதா? சட்டம், மனசாட்சி, வழிமுறை என்று மூன்றாகப் பேசுகிறேன். கைது செய்ய வருபவர் பெயர்ப்பட்டை அணிந்திருக்க வேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து வேண்டும், வீட்டுக்குத் தகவல் போக வேண்டும். டி.கே. பாசு வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது இது. இவற்றைக் கேட்பது குற்றமே இல்லை. கையை மட்டும் ஓங்காதீர்கள். வழக்கு உங்கள்மேல் திரும்பிவிடும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார் என் அம்மாச்சி. நான் சொல்வது காலடியை.

2006-இல் ஒரு ராத்திரி, பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டினார். மகனை ஜீப்பில் ஏற்றிவிட்டார்களாம். பால் கணக்கு நோட்டை எடுத்து, மணி 9.40 என்று எழுதிக்கொண்டு கிளம்பினேன். நிலையத்தில் ரைட்டர், "அப்படி யாரையும் கூட்டி வரலையே" என்றார். சரி, திரும்பலாம் என்று படி இறங்கினோம். அந்த அம்மா அப்படியே குனிந்து உட்கார்ந்துவிட்டார். வாசலில் ஒரு ரப்பர் செருப்பு. வார் அறுந்து, செம்புக் கம்பியால் கட்டியிருந்தது. "இந்தக் கம்பியை நான்தான் கட்டினேன் ஐயா" என்றார். உள்ளே சத்தமே இல்லை. நாங்கள் சண்டை போடவில்லை. நேரே தந்தி ஆபீஸ். மாஜிஸ்திரேட்டுக்கு ஒன்று, கலெக்டருக்கு ஒன்று, எஸ்.பி.க்கு ஒன்று. மறுநாள் 11 மணிக்குப் பையன் வந்தான், குதிகாலைத் தரையில் ஊன்ற முடியாமல். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்!

இப்போது தந்தி கிடையாது. கேமராதான் நமக்குத் தந்தி. 2020-இல் தந்தையும் மகனும் தாக்கப்பட்டு இறந்த சாத்தான்குளத்திலும் கேமரா இருந்தது. ஆனால் பதிவு தினமும் தானாக அழியும்படி வைத்திருந்தார்கள். உண்மையைச் சொன்னது அங்கே வேலை பார்த்த தலைமைக் காவலர் ரேவதி. ஏட்டையா, உங்கள் துறையில் அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். எல்லா நிலையத்திலும் கேமரா வேண்டும், பதிவைச் சேமித்து வைக்க வேண்டும் என்று அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. நம் ஊர் நிலையத்தில் எத்தனை ஓடுகிறது, பதிவு எத்தனை நாள் இருக்கிறது? எஸ்.பி.க்கு மனு எழுதி வாசல் மேஜையில் வைத்திருக்கிறேன். போகும்போது கையெழுத்துப் போடுங்கள். முதல் வரியில் இருப்பது அந்த அம்மாவின் கைநாட்டு.