கனவு கண்டவளைக் கேட்டது இலக்கியம்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எனக்கு முன்னால் பேசிய இரண்டு அணியினருக்கும், இந்தப் புழுக்கத்திலும் தெருவை நிறைத்து உட்கார்ந்திருக்கும் மதுரைப் பெருமக்களுக்கும் வணக்கம்.

'கனவின் பொருளை உணர்த்துவதில் விஞ்சி நிற்பது உளவியலா, இலக்கியமா, திரைப்படமா?' இதுதான் இன்றைய தலைப்பு. கனவுகளை ஆராய்ந்த வியன்னா மருத்துவர் ஃபிராய்டு வந்த பிறகுதான் கனவுக்குப் பொருளே கிடைத்தது என்று பேராசிரியர் அம்மா சொன்னார். கனவு என்பதே படம்தான், அதைப் படமாகக் காட்டினால்தான் விளங்கும் என்று திரைப்பட அணித் தம்பி சொன்னார். நான் இலக்கியத்தின் பக்கம் நிற்கிறேன். ஒரு கனவை எடுத்துக்கொண்டு, அதைக் கண்டவரை விட்டுவிட்டால் அந்தக் கனவுக்குப் பொருளே இல்லை. கண்டவரை விடாமல் பிடித்துக்கொண்டது இலக்கியம் மட்டும்தான். இதுதான் என் வாதம்.

கண்ணகி வழக்குரைத்த ஊரில் நின்று பேசுகிறேன். இந்த ஊருக்குள் கால் வைப்பதற்கு முன்பே அவள் இந்த ஊரைக் கனவில் பார்த்துவிட்டாள். புகார் நகரத்தில், தோழி தேவந்தியிடம் சொல்கிறாள்: என் கணவர் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார், ஒரு பெரிய ஊருக்குள் போனோம், அந்த ஊரார் பொருந்தாத ஒரு சொல்லை, தேளைத் தூக்கிப் போடுகிற மாதிரி என்மேல் போட்டார்கள், கோவலனுக்குத் தீங்கு என்று கேட்டு அரசன் முன்னால் வழக்காடினேன், அரசனுக்கும் ஊருக்கும் கேடு வந்தது. அங்கே நிறுத்தி, 'உரையாடேன்' என்கிறாள். அதற்கு மேல் பேசமாட்டேன் என்கிறாள்.

கேட்ட தேவந்தி என்ன செய்தாள்? முற்பிறப்பில் நீ ஒரு நோன்பு தவறினாய், காவிரி கடலோடு கலக்கும் இடத்தில் இரண்டு குளங்கள் இருக்கின்றன, அவற்றில் மூழ்கிக் காமவேளைத் தொழுதால் கணவனோடு வாழலாம் என்று பரிகாரம் சொன்னாள். நம் தெருவிலும் இது உண்டே! பாம்பு கொத்தினால் பீடை விட்டது, கல்யாணம் கண்டால் ஆகாது, விடியற்காலக் கனவு பலிக்கும் என்று பட்டியலே வைத்திருக்கிறோம். கண்ணகி அந்தப் பரிகாரத்துக்குச் சொன்ன பதில்: 'பீடன்று'. அது எனக்குப் பெருமை இல்லை. சொல்லி வாய் மூடுவதற்குள் கோவலன் வாசலில் வந்து நிற்கிறான். பொருளெல்லாம் தொலைத்தேன் என்று அவன் சொல்ல, சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். கனவில் கண்ட அதே பாதையில், அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறாள், மதுரைக்கு.

இது பின்னால் வருவதை முன்னால் சொல்லும் கதை உத்திதானே என்று பேராசிரியர் அம்மா கேட்பார். வெறும் உத்தி என்றால் கனவைச் சொன்னதோடு இளங்கோ நிறுத்தியிருக்கலாம். 'பீடன்று' எதற்கு? கெட்ட கனவு கண்ட பிறகும் தன் மதிப்பை விட்டுக்கொடுக்காத ஒரு பெண்ணை நமக்குக் காட்டத்தான்.

வையையைக் கடந்து வந்து புறஞ்சேரியில் தங்கியிருந்தபோது கோவலனும் கனவு காண்கிறான். ஆடை பறிக்கப்பட்டு, கொம்புடைய எருமையின் மேல் ஏறிப் போவதாக. மகள் மணிமேகலையை மாதவி போதி அறவோன் முன், அதாவது புத்தர் முன், ஒப்படைப்பதாக. அதை மாடலன் என்ற அந்தணரிடம் சொல்கிறான். மாடலனும், உடன் வந்த சமணத் துறவி கவுந்தியடிகளும் கனவைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், பொழுது சாயும் முன் ஊருக்குள் போ என்கிறார்கள். அரண்மனையில் கோப்பெருந்தேவி, குடையும் கோலும் விழவும் கடைமணி நடுங்கி ஒலிக்கவும் காண்கிறாள். ஓடிப்போய் மன்னனிடம் சொல்கிறாள். அந்நேரம் கண்ணகி வாயிலில் நிற்கிறாள். மூன்று பேர் கனவையும் யாரோ ஒருவர் காது கொடுத்துக் கேட்கிறார். மூன்றுமே கேட்டும் கேளாதவை ஆகின்றன. எனக்கு இந்தக் காப்பியத்தில் மிகவும் வலிக்கிற இடம் அதுதான்.

இப்போது வியன்னாவுக்கு வருகிறேன். 1900-ஆம் ஆண்டு, பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி ஃபிராய்டிடம் வைத்தியத்துக்கு வந்தாள். டோரா என்று அவளுக்குப் பெயர் வைத்து 1905-இல் எழுதினார். அப்பாவின் நண்பர் தன்னிடம் தவறாக நடக்க வந்ததை வீட்டில் சொன்னாள், அப்பா நம்பவில்லை. அவள் கனவில் வீடு தீப்பற்றி எரிகிறது. அப்பா கட்டிலருகே நின்று எழுப்புகிறார். அம்மா நகைப்பெட்டியை எடுக்க வேண்டும் என்கிறாள். நகைப்பெட்டிக்காக நானும் பிள்ளைகளும் எரிந்துபோக விடமாட்டேன் என்கிறார் அப்பா. ஃபிராய்டு அந்தப் பெட்டிக்கும் தீக்கும் பொருள் சொன்னார். அந்த மனிதர்மேல் உனக்குள்ளேயே மறைந்த ஆசை இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். அந்த ஆண்டின் கடைசி நாளில் அவள் வைத்தியத்தை நிறுத்திவிட்டுப் போனாள். பாதியில் நின்றதை மறைக்காமல் எழுதியது ஃபிராய்டின் நேர்மை, அதற்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் பொருள் கிடைத்தது, பெண் கிடைக்கவில்லையே!

அந்த மேதைக்கே இலக்கியத்தின் தேவை தெரிந்திருந்தது. 1907-இல், யென்சன் என்ற ஜெர்மன் எழுத்தாளரின் 'கிராடிவா' கதையில் வரும் கனவுகளை ஆராய்ந்து தனி நூலே எழுதினார். யாரும் தூங்கிக் காணாத கனவுகள், ஓர் எழுத்தாளர் கற்பனை செய்தவை. படைப்பாளிகள் நமக்கு மதிப்புமிக்க துணைவர்கள், நம் அறிவுக்கு எட்டாத பலவற்றை அறிந்தவர்கள் என்று அதில் சொல்கிறார். பேராசிரியர் அம்மாவின் தலைவரே என் அணிக்குச் சாட்சி சொல்லியிருக்கிறார்.

பின்னால் வந்தவர்கள்? 1953-இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் தூக்கத்தில் கண் வேகமாக அசையும் நேரத்தைக் கண்டுபிடித்தார்கள். பெரிய கண்டுபிடிப்பு. 1977-இல் ஹாப்சனும் மெக்கார்லியும், மூளைத்தண்டு தானாக அனுப்பும் சமிக்ஞைகளை மேல்மூளை கோத்துக் கதை ஆக்குகிறது, அதுவே கனவு என்றார்கள். எப்போது காண்கிறோம், எப்படிக் காண்கிறோம் என்பதற்கெல்லாம் பதில் வருகிறது. கண்டு எழுந்தவள் காலையில் என்ன செய்வாள் என்பதற்கு வரவில்லை.

குறுந்தொகையில் முப்பதாம் பாட்டில் வருகிறது. கச்சிப்பேட்டு நன்னாகையார் பாடியது. பிரிந்த தலைவன் வந்து தழுவியதாகப் பொய்க்கனவு, மெய்போலவே இருக்கிறது. எழுந்தவள் படுக்கையைத் தடவிப் பார்க்கிறாள். 'அமளி தைவந்தனனே'. இந்தப் பாட்டைப் பாடத்துக்கு வெளியே ஒருநாள் வகுப்பில் சொன்னேன். மேலூர்ப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, அப்பா வளைகுடாவில் வேலை பார்க்கிறார், மணி அடித்த பிறகு வந்து, "டீச்சர், எங்கம்மாவும் காலையில எந்திரிச்சதும் பாயத் தடவிப் பாப்பாங்க. என்னம்மான்னு கேட்டா ஒண்ணுமில்லம்பாங்க" என்றாள். அந்த அம்மாவின் கனவு என்ன என்று எனக்குத் தெரியாது, அந்தப் பிள்ளைக்கும் தெரியாது. ஆனால் அதன் பொருள் எங்கள் இருவருக்கும் விளங்கிவிட்டது.

திரைப்பட அணித் தம்பிக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1945-இல் ஹிட்ச்காக் 'ஸ்பெல்பவுண்ட்' படத்தின் கனவுக்காட்சியை ஓவியர் டாலியிடம் வரையச் சொன்னார். திரைச்சீலையெல்லாம் கண்கள். பார்க்க அற்புதம்! ஆனால் பிறகு மருத்துவர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் விடை சொல்லி, குற்றவாளியைப் பிடித்ததும் அந்தக் கனவின் வேலை முடிந்துவிடுகிறது. நம் படங்களில் கனவுப் பாட்டு பனிமலையில் தொடங்கும், முடிந்ததும் கதாநாயகி கண் விழிப்பாள். அந்தக் கனவு அவளை என்ன செய்தது என்று அடுத்த காட்சி கேட்பதில்லை. இங்கிருந்து பக்கத்தில் இருக்கும் திருவில்லிபுத்தூர் ஆண்டாள், மகட்பேச்சு முதல் அம்மி மிதிப்பது வரை முழுக் கல்யாணத்தையும் கனவில் கண்டு தோழியிடம் சொன்னாள். கல்யாணக் கனவு ஆகாது என்று சொல்லும் நாம்தான் வைணவக் கல்யாணங்களில் அதைப் பாடுகிறோம். 2008-இல் படத்துக்குத் தலைப்பு தேவைப்பட்டபோதும் அவளுடைய 'வாரணம் ஆயிரம்'தான் கிடைத்தது.

கடைசியாகக் கம்பன். அசோகவனத்தில் வீடணன் மகள் திரிசடை சீதையிடம் சொல்கிறாள்: 'துயில்கிலை, ஆதலின் கனவு தோன்றல.' நீ தூங்குவதே இல்லை, உனக்கு எப்படிக் கனவு வரும்? அதனால் உனக்காக நான் கண்டேன். இராவணன் மனையிலிருந்து ஒரு பெண் விளக்கேந்தி வீடணன் மனைக்குள் புகுந்தாள், அந்த நேரம் பார்த்து நீ என்னை எழுப்பிவிட்டாய், கனவு முடியவில்லை என்கிறாள். சீதை இரண்டு கைகளையும் கூப்புகிறாள். 'அன்னையே! அதன் குறை காண்.' இன்னும் கொஞ்சம் தூங்கு, மிச்சத்தையும் பார் என்று கெஞ்சுகிறாள்.

தூக்கம் பறிக்கப்பட்டவளின் கனவை எந்தச் சோதனைக்கூடம் பதிவு செய்யும்? எந்தக் கேமரா எடுக்கும்? எதிரணியினர் இந்த ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும், நடுவர் ஐயா. வணக்கம்.