வி.பி.என். போட்டுவிட்டால் ஸ்மார்ட் டிவி நம்மைக் கவனிப்பது நின்றுவிடுமா?

நேயர் ஒருவர் அனுப்பியிருக்கும் கேள்வியை முதலில் படித்துவிடுகிறேன். "வீட்டு ரவுட்டரிலேயே கட்டண வி.பி.என். அமைத்திருக்கிறேன். ஸ்மார்ட் டிவி, குரலுக்குப் பதில் சொல்லும் ஸ்பீக்கர், வாசல் கேமரா மூன்றும் அதன் வழியாகத்தான் இணையத்துக்குச் செல்கின்றன. இனி இவற்றால் என் தனியுரிமைக்குப் பாதிப்பு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? சந்தா முடியப்போகிறது, புதுப்பிக்கலாமா?"

முதல் கேள்விக்குப் பதில், எடுத்துக்கொள்ள முடியாது என்பதுதான். உங்கள் ரவுட்டரிலிருந்து வி.பி.என். நிறுவனத்தின் சர்வர் வரை செல்லும் தகவலை வி.பி.என். பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்கிறது, அதனால் நீங்கள் எந்தெந்தத் தளங்களோடு தொடர்பு கொள்கிறீர்கள் என்பது உங்கள் இணைய சேவை நிறுவனத்துக்குத் தெரியாது, மறுமுனையில் இருக்கும் தளத்துக்கு உங்கள் உண்மையான ஐ.பி. முகவரி, அதாவது உங்கள் இணைய இணைப்பின் அடையாள எண், தெரியாது. அதன் வேலை அத்தோடு முடிந்துவிடுகிறது. டிவி தன்னைத் தயாரித்த நிறுவனத்துக்கு எதை அனுப்ப நினைக்கிறதோ, அது ஓர் எழுத்தும் குறையாமல் போய்ச் சேர்ந்துவிடும். மூடுபல்லக்கில் போகிறவரை வழியில் நிற்பவர்கள் பார்க்க முடியாது என்பது உண்மைதான். ஒற்றன் பல்லக்குக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் திரையை இழுத்து மூடி என்ன பயன்? தவிர, இன்று பெரும்பாலான தளங்களும் செயலிகளும் எச்.டி.டி.பி.எஸ். முறையில் ஏற்கெனவே குறியாக்கம் செய்துதான் தகவலை அனுப்புகின்றன. ஆகவே, வி.பி.என். விளம்பரங்கள் காட்டும் அளவுக்கான கூடுதல் பாதுகாப்பு அதில் இல்லை என்பது என் கருத்து.

மூன்று கருவிகளில் டிவியைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன், ஏனெனில் அதை யாரும் சந்தேகிப்பதில்லை. பல ஸ்மார்ட் டிவிகளில் ஏ.சி.ஆர். என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு வசதி இருக்கிறது. திரையில் ஓடும் காட்சியிலிருந்தோ ஒலியிலிருந்தோ சிறு சிறு மாதிரிகளை எடுத்து, அவற்றைக் கைரேகை போன்ற ஓர் அடையாளமாக மாற்றி, சர்வரில் இருக்கும் தொகுப்போடு ஒப்பிட்டு, நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்பதை அது கண்டுபிடித்துவிடும். மாதிரி திரையிலிருந்தே எடுக்கப்படுவதால், எச்.டி.எம்.ஐ. கேபிளில் இணைத்த செட்-டாப் பாக்ஸ் வழியாக நீங்கள் பார்ப்பதும் அதற்குத் தப்பாமல் போகலாம். இது வெறும் ஊகமல்ல. விசியோ என்ற டிவி நிறுவனம் 1.1 கோடி டிவிகளிலிருந்து, பயனர்களின் ஒப்புதல் பெறாமல், அவர்கள் பார்த்தவற்றை நொடிக்கு நொடி சேகரித்ததாக அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றம்சாட்டியது. 2017-இல் அந்நிறுவனம் 22 லட்சம் டாலர் செலுத்தி வழக்கை முடித்துக்கொண்டது. அந்தத் தகவலோடு வயது, பாலினம், வருமானம் போன்ற விவரங்களை இணைப்பதற்கு வீட்டு ஐ.பி. முகவரி பயன்பட்டது என்பதால், அந்த ஓர் இடத்தில் வி.பி.என். சற்று இடைஞ்சல் செய்திருக்கும் என்று நியாயமாகவே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டிவியில் உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்து உள்நுழைந்துவிட்ட பிறகு உங்களை அடையாளம் காண ஐ.பி. முகவரி யாருக்குத் தேவை?

ஸ்பீக்கரைப் பொறுத்தவரை, அதை எழுப்பும் சொல்லைக் கருவி தனக்குள்ளேயே கண்டறிகிறது. அதற்குப் பிறகு பேசுவதுதான் பொதுவாக சர்வருக்குப் போகிறது. அப்படிப் போன பதிவுகளில் ஒரு பகுதியை மனிதர்கள் உட்கார்ந்து கேட்டார்கள் என்பது 2019-இல் வெளியே வந்தது.

கேமரா விஷயம் இதைவிடக் கடுமையானது. வாசல் கேமரா விற்கும் ரிங் நிறுவனத்தின் ஊழியர்களும் ஒப்பந்தப் பணியாளர்களும் வாடிக்கையாளர்களின் தனிப்பட்ட வீடியோக்களைப் பார்க்க முடிந்தது என்ற குற்றச்சாட்டு 2023-இல் 58 லட்சம் டாலர் செலுத்தி முடிக்கப்பட்டது. வீடியோவைத் திறக்கும் சாவி நிறுவனத்தின் கையில் இருக்கும்போது, அது எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தது என்பது பொருட்டே இல்லை. வெளியிலிருந்து வரும் ஆபத்தும் உண்டு: 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றி, அவற்றைக் கொண்டே தளங்களின் பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றித் தரும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்குத் திறக்காமல் போயின.

ஆகவே நான் பரிந்துரைப்பது வேறு வகையான ஏற்பாடு. டிவியின் செட்டிங்ஸில் ஏ.சி.ஆர். வசதியை அணைத்துவிடுங்கள், ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒவ்வொரு பெயரை வைத்திருக்கும், 'பார்க்கும் தகவல்' என்ற பொருளில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இன்னும் உறுதியான வழி, டிவியை இணையத்தோடு இணைக்காமல் வெறும் திரையாக வைத்துக்கொண்டு, படம் பார்க்கத் தனி ஸ்ட்ரீமிங் கருவி ஒன்றைச் செருகிக்கொள்வது. அந்தக் கருவியும் தகவல் சேகரிக்கும்தான். ஆனாலும் அதை மாற்றுவது டிவியை மாற்றுவதைப் போலச் செலவு வைக்காது. ஸ்பீக்கரையும் கேமராவையும் ரவுட்டரின் கெஸ்ட் நெட்வொர்க்குக்கு, அதாவது விருந்தினருக்கான தனி இணைப்புக்கு, மாற்றினால், அவற்றில் ஒன்று கைப்பற்றப்பட்டாலும் உங்கள் கணினியை எட்டுவது கடினமாகும். கேமராவின் பதிவு மெமரி கார்டிலேயே தங்குமா, அல்லது நிறுவனத்தாலும் திறந்து பார்க்க முடியாத முனைக்கு முனை குறியாக்கம் உண்டா என்று பாருங்கள்; இரண்டும் இல்லையென்றால் அதை வீட்டுக்குள் வைக்காதீர்கள்.

இனி எந்தக் கருவி வாங்கினாலும் இணையத்தைத் துண்டித்துவிட்டால் அது வேலை செய்யுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். தனியுரிமைக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. ரிவால்வ் என்ற ஸ்மார்ட் ஹோம் கருவி, நிறுவனம் 2016-இல் தன் சர்வரை நிறுத்தியதும் அதை வாங்கியவர்கள் கையில் உயிரற்ற பெட்டியாகிவிட்டது. 2022-இல் ஸ்மார்ட் ஹோம் கருவிகளுக்காக வெளிவந்த மேட்டர் என்ற பொதுத் தரநிலை, வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே கருவிகளை இயக்க வழிசெய்கிறது என்பதால் நான் அதை வரவேற்கிறேன். ஆனால் அந்த முத்திரை இருந்தும் தன் செயலியில் கணக்குத் தொடங்கியே தீர வேண்டும் என்று ஒரு நிறுவனம் கேட்கலாம். முத்திரையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

சந்தாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பொது வைஃபையை அடிக்கடி பயன்படுத்துபவராக இருந்தாலோ, உங்கள் இணைய சேவை நிறுவனத்தைவிட வி.பி.என். நிறுவனத்தை அதிகம் நம்பக் காரணம் இருந்தாலோ, போனிலும் லேப்டாப்பிலும் அதை வைத்துக்கொள்ளுங்கள். டிவிக்காகவும் கேமராவுக்காகவும் மட்டும்தான் என்றால் புதுப்பிக்க வேண்டாம். சில ஸ்ட்ரீமிங் சேவைகள் வி.பி.என். வழியாக வருபவர்களை மறுக்கின்றன, ரவுட்டரின் திறனைப் பொறுத்து வேகமும் குறையும்.